கினெட்டோபிளாஸ்டின் வரலாறு: சாயப்புள்ளி முதல் நகலாக்க நொதிகள் வரை

ஆய்வுச் சுருக்கம்

கருங்காய்ச்சலையும் ஆப்பிரிக்கத் தூக்க நோயையும் உண்டாக்கும் ஒருசெல் ஒட்டுண்ணிகளில், உட்கருவுக்கு வெளியே சாயமேற்றுப் பளிச்சிடும் சிறு உறுப்பு ஒன்று உண்டு. கினெட்டோபிளாஸ்ட் என்று அழைக்கப்படும் இவ்வுறுப்பு 1903இல் நோயறியும் அடையாளமாக இருந்தது, பின்னர் டி.என்.ஏ. வளையங்கள் பின்னிய வலையாகவும், பல டி.என்.ஏ. பாலிமரேஸ் நொதிகள் கூடிப் பணியாற்றும் களமாகவும் அறியப்பட்டது. நோய்க்காரணி கண்டறியப்படுதல், அதன் உயிர்வேதியியல் விளங்குதல், அவ்விளக்கத்திலிருந்து மருந்து பிறத்தல் என்னும் நேர்கோட்டு வரிசையில் இவ்வறிவு வளரவில்லை என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மருந்துகள் விளக்கத்துக்கு முன்பே வந்தன. நொதிகள் பற்றிய அறிவோ மருந்தாகும் தேவையைவிட ஓர் அமைப்புப் புதிரை விடுவிக்கும் முயற்சியிலேயே உருவானது.

திறவுச்சொற்கள்: கினெட்டோபிளாஸ்ட், டிரிப்பனோசோமா, லீஷ்மேனியா, டி.என்.ஏ. பாலிமரேஸ், நகலாக்கம், கருங்காய்ச்சல், அறிவியல் வரலாறு

முன்னுரை

டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதிகளின் வரலாறு பெரும்பாலும் குடல் பாக்டீரியமான ஈ.கோலையை மையமாகக் கொண்டே எழுதப்படுகிறது. 1956இல் ஆர்தர் கார்ன்பெர்க் அப்பாக்டீரியத்திலிருந்து டி.என்.ஏ. பாலிமரேஸைப் பிரித்தெடுத்ததும், 1959இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் அவ்வரலாற்றின் தொடக்கப் புள்ளிகளாகச் சுட்டப்படுகின்றன. பின்னர் பாலூட்டிகளின் செல்களில் நடந்த ஆய்வுகள் அவ்வரலாற்றை நீட்டித்தன. இவ்விரு மாதிரி உயிரிகளிலிருந்து பெற்ற அறிவே எல்லா உயிரினங்களுக்கும் பொதுவான இலக்கணமாகக் கொள்ளப்பட்டது.

இந்த இலக்கணத்துக்கு அடங்காத உயிரிகளுள் டிரிப்பனோசோமா, லீஷ்மேனியா, கிரிதீடியா ஆகியவை அடங்கிய குடும்பம் முதன்மையானது. இவற்றின் ஒற்றை இழைமணிக்குள் உள்ள டி.என்.ஏ. வேறெந்த உயிரியிலும் காணப்படாத வடிவம் கொண்டது. அதனைப் படியெடுக்கும் நொதிகளின் எண்ணிக்கையும் எதிர்பார்ப்பை மீறியது. இவ்வுறுப்பு ஒவ்வொரு காலகட்டத்திலும் எக்கருவியால் காணப்பட்டது, எப்பெயரால் அழைக்கப்பட்டது, எதற்காக ஆராயப்பட்டது என்னும் மூன்று வினாக்களை முன்வைத்து இக்கட்டுரை அமைகிறது.

சென்னையில் இரு புள்ளிகள்

டம்டம் காய்ச்சலால் இறந்த போர்வீரர் ஒருவரின் மண்ணீரலை வில்லியம் லீஷ்மன் 1900இல் இங்கிலாந்தின் நெட்லி மருத்துவமனையில் ஆராய்ந்தார். சாயமேற்றிய கண்ணாடித் தகட்டில் சிறிய முட்டை வடிவ உடலங்கள் தென்பட்டன. ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய வட்டப் புள்ளியும், அதனருகே ஒரு சிறிய கோல் வடிவப் புள்ளியும் இருந்தன. டிரிப்பனோசோமா தொற்றிய எலிகள் இறந்தபின் அவற்றின் உடலில் இதையொத்த தோற்றத்தை அவர் கண்டிருந்தார். ஆகவே, இவை இறப்புக்குப்பின் சிதைந்த டிரிப்பனோசோமாக்கள் என்று கருதி, 1903 மே மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் தம் கருத்தை வெளியிட்டார்.

அக்காலத்தில் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், இறந்த நோயாளிகளின் மண்ணீரலில் அதே உடலங்களைக் கண்டிருந்தார். லீஷ்மனின் கட்டுரை வெளிவந்தபின், 1903 ஜூன் 17 அன்று, உயிருடன் இருந்த 12 வயதுச் சிறுவனின் மண்ணீரலில் ஊசி செலுத்தி எடுத்த குருதியிலும் அவ்வுடலங்கள் இருப்பதை அவர் கண்டறிந்தார். ஜூலை 11 இதழில் வெளிவந்த அவரது குறிப்பு, இவை இறப்புக்குப்பின் தோன்றும் சிதைவுகள் அல்ல என்பதை உறுதிப்படுத்தியது. டோனவன் அனுப்பிய தகடுகள் பாரிசில் லவரானையும் லிவர்பூலில் ரொனால்ட் ராஸையும் அடைந்தன. 1903 நவம்பரில் ராஸ் இவ்வுயிரிக்கு லீஷ்மேனியா டோனவானி என்று பெயரிட்டார். மறு ஆண்டில் லெனார்ட் ராஜர்ஸ் கல்கத்தாவில் அதனை வளர்ப்பு ஊடகத்தில் வளர்த்து, அது கசையிழை கொண்ட வடிவமாக மாறுவதைக் காட்டினார்.

இவ்வரலாற்றில் லீஷ்மன், டோனவன் ஆகியோரின் முன்னுரிமை குறித்தே பொதுவாகப் பேசப்படுகிறது. அவ்விருவரும் எதைக் கொண்டு அவ்வுயிரியை அடையாளம் கண்டனர் என்பது அதனினும் கருதத்தக்கது. உட்கருவோடு இணைந்து தெரியும் இரண்டாம் புள்ளியே அந்த அடையாளம். டிரிப்பனோசோமாவுடன் இதற்கு உறவு உண்டு என்னும் லீஷ்மனின் ஊகமும் அப்புள்ளியிலிருந்தே பிறந்தது. சிதைவு என்ற அவரது முடிவு பிழையாயிற்று. உறவு என்ற ஊகம் சரியாயிற்று. எனினும் அப்புள்ளி என்ன பொருளால் ஆனது, என்ன பணி செய்கிறது என்பன அன்று விடை காணப்படாத வினாக்களாகவே இருந்தன.

பெயரும் கருத்தும்

20ஆம் நூற்றாண்டின் முதல் 20 ஆண்டுகளில் இவ்வுறுப்புக்குப் பல பெயர்கள் வழங்கின. கசையிழையின் அடியில் அமைந்திருந்ததால், சிலர் அதனைக் கசையிழையை முளைப்பிக்கும் உறுப்பு என்றனர். உட்கருவைப் போலவே சாயத்தை ஏற்றதால், வேறு சிலர் அதனை இரண்டாம் உட்கரு என்றனர். உடலை இயக்கும் பணி அவ்வுட்கருவுக்கு உரியது என்றும் கருதினர். 1917இல் அலெக்சியெஃப் முன்மொழிந்த கினெட்டோபிளாஸ்ட் என்ற பெயரே நிலைத்தது. இயக்கம் என்னும் பொருள்தரும் கிரேக்க வேரை அப்பெயர் தன்னுள் கொண்டுள்ளது.

இவ்வுறுப்பு கசையிழையை இயக்குவதில்லை என்பது பின்னர்த் தெளிவாயிற்று. அவ்வகையில் அப்பெயர் ஒரு பிழையின் எச்சமே. ஆயினும் அதனை முழுப்பிழை என்று ஒதுக்கிவிட முடியாது. 1991இல் ராபின்சன், கல் ஆகியோர், கசையிழையின் அடியுடலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகும்போது அவற்றோடு கினெட்டோபிளாஸ்டின் டி.என்.ஏ.வும் இரண்டாகப் பிரிக்கப்படுகிறது என்று நிறுவினர். இழைமணியின் உறைகளைக் கடந்து டி.என்.ஏ.வும் கசையிழையின் அடியும் பிணைக்கப்பட்டுள்ளன. தொடக்ககால நுண்ணோக்கியாளர்கள் கண்ட அண்மை தற்செயலானதன்று; அவர்கள் கற்பித்த பணிதான் தவறு.

சாயம் உணர்த்திய வேதிப்பொருள்

1924இல் ராபர்ட் ஃபாய்ல்கன் டி.என்.ஏ.வை மட்டும் தேர்ந்து நிறமூட்டும் வினையை அறிமுகப்படுத்தினார். அதே ஆண்டில் பிரெஸ்லாவ், ஸ்க்ரெமின் ஆகியோர் அவ்வினையை டிரிப்பனோசோமாக்களில் பயன்படுத்தி, கினெட்டோபிளாஸ்டும் நிறமேற்பதைக் கண்டனர். உட்கருவுக்கு வெளியே டி.என்.ஏ. உண்டு என்பதற்குக் கிடைத்த மிக முற்பட்ட சான்றுகளுள் இதுவும் ஒன்று. மரபுப்பொருள் டி.என்.ஏ.வே என்பது ஏற்கப்படுவதற்கு 20 ஆண்டுகள் முன்னரே இச்சான்று கிடைத்துவிட்டது. ஆயினும் அதன் முழுப்பொருளையும் உணர்வதற்குரிய கோட்பாடு அன்று உருவாகியிருக்கவில்லை.

எலக்ட்ரான் நுண்ணோக்கி 1950களின் இறுதியில் அடுத்த கட்டத்தைத் திறந்தது. பிரசெல்ஸில் ஸ்டெய்னர்ட்டும் பிறரும் மேற்கொண்ட ஆய்வுகள், கினெட்டோபிளாஸ்ட் தனி உறுப்பன்று, இழைமணியின் ஒரு பகுதியே என்று காட்டின. கதிரியக்கக் குறியிட்ட தைமிடினை இவ்வுறுப்பு ஏற்பதும் அறியப்பட்டது. அதாவது அங்கே டி.என்.ஏ. புதிதாக உருவாகிறது. இதனால், 'இது என்ன?' என்ற வினா 'இது எவ்வாறு படியெடுக்கப்படுகிறது?' என்ற வினாவாக மாறியது.

வளையங்களின் வலை

1960களின் இறுதியிலும் 1970களின் தொடக்கத்திலும் ரியூ, டெலைன், லாரி சிம்சன் முதலியோர் இந்த டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தனர். சங்கிலிக் கண்ணிகளைப் போல ஒன்றோடொன்று கோத்த ஆயிரக்கணக்கான சிறு வளையங்களால் ஆன வலை அது. அவ்வலைக்குள் சில பத்து பெருவளையங்களும் பின்னியிருந்தன. கொசுவின் குடலில் வாழும் கிரிதீடியா ஃபேசிகுலேட்டாவின் வலையில் ஏறத்தாழ 5,000 சிறுவளையங்களும் 25 அளவிலான பெருவளையங்களும் உள்ளன. அதன் சிறுவளையம் ஏறத்தாழ 2,500 கார இணைகள் கொண்டது. 1995இல் வெளிவந்த ஓர் ஆய்வு, ஒவ்வொரு சிறுவளையமும் சராசரியாக மூன்று அண்டை வளையங்களோடு கோத்திருப்பதாகக் கணக்கிட்டது.

இவ்வளையங்களின் பணியும் விரைவில் வெளிப்பட்டது. 1986இல் பென்னும் அவர்தம் குழுவினரும், பெருவளையத்திலிருந்து உருவாகும் ஆர்.என்.ஏ.வில் மரபணுவில் இல்லாத எழுத்துகள் பின்னர்ச் சேர்க்கப்படுவதைக் கண்டனர். அத்திருத்தத்துக்கு வழிகாட்டும் சிறு ஆர்.என்.ஏ.க்கள் 1990இல் சிம்சனின் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டன. சிறுவளையங்களே அவற்றின் முதன்மை மூலம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பெருவளையம் எழுதியதைச் சிறுவளையம் திருத்துகிறது எனச் சுருக்கிக் கூறலாம். திருத்தும் வளையங்களின் ஒரு வகை முற்றிலும் இழக்கப்பட்டால், அதனைச் சார்ந்த மரபணு பொருளற்றதாகிவிடும். ஆகவே ஒவ்வொரு செல் பிரிவிலும் ஒவ்வொரு வளையமும் ஒருமுறை, ஒரே ஒருமுறை, படியெடுக்கப்பட வேண்டும்.

நகலாக்கம் என்னும் சிக்கல்

ஆயிரக்கணக்கில் கோத்துக் கிடக்கும் வளையங்களை நகலாக்கும் வழிமுறையை விளக்கியவர்களுள் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் பால் எங்லண்ட் முதன்மையானவர். இவர் 1960களில் ஸ்டான்ஃபோர்டில் கார்ன்பெர்க்கின் ஆய்வகத்தில் பயின்று, பாக்டீரியப் பாலிமரேஸின் இயக்கத்தை ஆராய்ந்தவர். வலையின் வடிவக் கணக்கீட்டில் இவருடன் பங்கேற்ற நிக்கலஸ் காட்ஸரெல்லியும் அதே ஆய்வகத்தில் பயின்றவர். ஒட்டுண்ணியின் விந்தையான டி.என்.ஏ.வை நோக்கி இவர்கள் வந்தது பாக்டீரிய நொதியியலின் வழியாகவே என்பது இவ்வரலாற்றின் குறிப்பிடத்தக்க திருப்பமாகும்.

இவர்கள் பெரும்பாலும் பயன்படுத்திய உயிரி, நோய் உண்டாக்கும் டிரிப்பனோசோமா அன்று. மனிதருக்குத் தீங்கு செய்யாத கிரிதீடியா. எளிதில் பெருமளவு வளர்க்க முடிவதும், செறிவான வலையைத் தருவதும் அதன் தகுதிகள். நோய் ஆராய்ச்சியின் பெயரால் அறியப்படும் இத்துறையின் அடித்தளம், நோய் செய்யாத உயிரியின்மேல் இடப்பட்டது.

1978இல் எங்லண்ட் வெளியிட்ட ஆய்வு அடிப்படை விளக்கத்தை அளித்தது. சிறுவளையங்கள் வலைக்குள் இருந்தபடியே படியெடுக்கப்படுவதில்லை. அவை ஒவ்வொன்றாக வலையிலிருந்து விடுவிக்கப்பட்டு, தனியே படியெடுக்கப்பட்டு, பிறந்த இரு சேய்வளையங்களும் வலையின் விளிம்பில் மீண்டும் கோக்கப்படுகின்றன. அவ்வாறு கோக்கப்படும் சேய்வளையத்தின் இழையில் சிறு இடைவெளி விடப்படுகிறது. எல்லா வளையங்களும் படியெடுக்கப்பட்டு வலை இருமடங்கான பின்னரே அவ்விடைவெளிகள் முற்றிலும் நிரப்பப்படுகின்றன. படியெடுக்கப்பட்டது எது, படாதது எது என்று செல் பிரித்தறிவதற்கு இந்த இடைவெளியே குறியாகிறது என்று கருதப்படுகிறது. வாக்களித்தவரின் விரலில் இடும் மைக்கு இதனை ஒப்பிடலாம்.

இவ்விளக்கம் நொதிகளைத் தேடுவதற்கு வழிவகுத்தது. 1988இல் டான் ரேயின் குழு, வளையங்களைக் கோத்து அவிழ்க்கும் டோபோஐசோமெரேஸ் நொதி வலைத்தட்டின் விளிம்பில் எதிரெதிரான இரு இடங்களில் குவிந்திருப்பதைக் காட்டியது. 1992இல் டோரி, எங்லண்ட் ஆகியோர் கிரிதீடியாவின் இழைமணியிலிருந்து ஒரு டி.என்.ஏ. பாலிமரேஸைப் பிரித்தெடுத்தனர், அதுவும் அதே இரு இடங்களில் இருந்தது. 1995இல் அதன் மரபணு அறியப்பட்டபோது, அது பாலூட்டிகளின் உட்கருவில் டி.என்.ஏ. பழுதுகளைச் செப்பனிடும் பீட்டா வகைப் பாலிமரேஸின் உறவு என்பது தெரியவந்தது. செப்பனிடும் நொதி, இடைவெளி நிரப்பும் பணியில் இழைமணிக்குள் அமர்ந்திருந்தது.

ஒன்றன்று, ஆறு

விலங்குகளின் இழைமணி டி.என்.ஏ.வைக் காமா எனப்படும் ஒரே பாலிமரேஸ் படியெடுக்கிறது என்பது அன்றைய பாடநூல் முடிவு. டிரிப்பனோசோமாவிலும் அதுபோன்ற ஒரு நொதி கிடைக்கும் என்றே எதிர்பார்க்கப்பட்டது. 2002இல் கிளிங்பெய்ல், மோட்டிகா, எங்லண்ட் ஆகியோரின் ஆய்வு அவ்வெதிர்பார்ப்பை மாற்றியது. டிரிப்பனோசோமா புரூசியின் இழைமணியில் ஏ, பி, சி, டி எனக் குறிக்கப்படும் நான்கு பாலிமரேஸ்கள் இருந்தன. அவை காமா வகையின் உறவுகளல்ல. பாக்டீரியத்தின் முதலாம் பாலிமரேஸின், அதாவது கார்ன்பெர்க் முதலில் கண்ட நொதியின், உறவுகள். பி, சி ஆகியவை வலைத்தட்டின் அருகே அமைந்திருந்தன. ஏ, டி ஆகியவை இழைமணி முழுவதும் பரவியிருந்தன. 2003இல் இதே உயிரியில் பீட்டா வகையைச் சேர்ந்த இரு பாலிமரேஸ்கள் விவரிக்கப்பட்டதால் எண்ணிக்கை ஆறாயிற்று.

எண்ணிக்கையை அறிவது வேறு, தேவையை நிறுவுவது வேறு. ஒரு நொதி இன்றியமையாததா என்று அறிய, அதனைச் செல்லிலிருந்து நீக்கிப் பார்க்க வேண்டும். 1998இல் டிரிப்பனோசோமா புரூசியில் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு முறை செயல்படுவது கண்டறியப்பட்டது இதற்கு உதவியது. சி வடிவத்தை ஒடுக்கியபோது கினெட்டோபிளாஸ்ட் சுருங்கியது. டி வடிவம் இன்றியமையாதது என்பது 2008இலும், பி வடிவம் இன்றியமையாதது என்பது 2010இலும் காட்டப்பட்டன. ஒன்று இழக்கப்பட்டால் மற்றொன்று அதன் இடத்தை நிரப்பவில்லை. ஆகவே இவை ஒரே பணிக்குரிய மாற்றுக் கருவிகள் அல்ல. பணியைப் பகிர்ந்துகொண்ட தனித்தனிக் கருவிகள்.

இங்கே ஒரு முரண் கவனத்துக்குரியது. 1969இல் ஜான் கெயின்ஸும் டி லூசியாவும், முதலாம் பாலிமரேஸின் செயற்பாட்டை ஏறத்தாழ முழுவதும் இழந்த ஈ.கோலை பாக்டீரியமும் பெருகுவதைக் காட்டினர். அதன்பின் அந்நொதி பாக்டீரியத்தில் நகலாக்கத்தின் தலைமை இடத்தை இழந்து, செப்பனிடுதல், இடைவெளி நிரப்புதல் ஆகிய துணைப்பணிகளுக்கு உரியதாகக் கருதப்பட்டது. அதே நொதியின் உறவுகள் டிரிப்பனோசோமாவின் இழைமணியில் நகலாக்கத்துக்கு இன்றியமையாதனவாக விளங்குகின்றன. ஒரு நொதியின் பணியை அதன் குடும்பப் பெயரைக் கொண்டு முடிவு செய்தல் இயலாது என்பதற்கு இது தக்க சான்று.

மலேரியா ஒட்டுண்ணியான பிளாஸ்மோடியம் இதற்கு நேர்மாறான தீர்வைக் காட்டுகிறது. அதன் ஏபிகோபிளாஸ்ட் என்னும் உறுப்பில் ஏறத்தாழ 35,000 கார இணைகள் கொண்ட டி.என்.ஏ. உள்ளது. 2005இல் விவரிக்கப்பட்டபடி, இழையைப் பிரித்தல், தொடக்கத் துணுக்கை இடுதல், படியெடுத்தல் ஆகிய திறன்கள் அங்கு ஒரே நீண்ட புரதமாக ஒரே மரபணுவில் எழுதப்பட்டுள்ளன. ஒட்டுண்ணிகள் அனைத்துக்கும் பொதுவான ஒரு நகலாக்க முறை இல்லை என்பது இவ்வொப்பீட்டால் புலனாகிறது.

முந்திய மருந்து, பிந்திய விளக்கம்

சில சாயங்கள் டிரிப்பனோசோமாவின் கினெட்டோபிளாஸ்டை மறையச் செய்வதை வெர்பிட்ஸ்கி 1910இலேயே பதிவு செய்தார். 1940களிலிருந்து பென்டமிடின் தூக்க நோய்க்குப் பயன்பட்டது. 1950களில் எத்திடியம் ஆப்பிரிக்கக் கால்நடைகளின் டிரிப்பனோசோமா நோய்க்கு மருந்தாயிற்று. அதன்பின் அதே எத்திடியம் உலகெங்கும் ஆய்வகங்களில் டி.என்.ஏ.வைக் காட்டும் சாயமாகப் புகழ்பெற்றது. 1990இல் ஷப்பிரோவும் எங்லண்டும் பென்டமிடின் முதலிய மருந்துகள் சிறுவளையங்களை அறுபடச் செய்வதைக் காட்டினர். 2010இல் வெளிவந்த ஆய்வு எத்திடியம் சிறுவளைய நகலாக்கத்தைத் தடுப்பதைக் காட்டியது. கினெட்டோபிளாஸ்ட் அற்ற வகைகளில் அது உட்கரு டி.என்.ஏ.வைத் தாக்குவதையும் சேர்த்தே காட்டியது. மருந்து பயனுக்கு வந்து அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே அதன் செயல்முறை இவ்வளவில் தெளிவாயிற்று.

இவ்வுறுப்பு மருந்துக்கு உகந்த இலக்கு என்ற கருத்துக்கும் வரம்பு உண்டு. 1880இல் கிரிஃபித் எவன்ஸ் பஞ்சாபில் குதிரைகளையும் ஒட்டகங்களையும் கொன்ற சுர்ரா நோயில் கண்ட உயிரியே டிரிப்பனோசோமா எவன்சி. அது பெருவளையங்களை இழந்தது. அதன் சில வகைகளில் கினெட்டோபிளாஸ்ட் டி.என்.ஏ. அறவே இல்லை. கடிக்கும் ஈக்களின் வாயுறுப்பால் நேரடியாகப் பரவுவதால், செட்சீ ஈயின் உடலுக்குள் வளரும் கட்டம் அதற்குத் தேவைப்படவில்லை. ஏ.டி.பி. உருவாக்கும் நொதியின் காமா துணையலகில் நேரும் ஒற்றை மாற்றமே டிரிப்பனோசோமா புரூசியின் குருதிவாழ் வடிவத்தை இவ்வலையின் தேவையிலிருந்து விடுவிக்கப் போதுமானது என்று 2013இல் காட்டப்பட்டது. அவ்வாறு விடுபட்ட செல்கள் பல மருந்துகளுக்கு எதிர்ப்புக் காட்டுவதும் ஆய்வகத்தில் அறியப்பட்டுள்ளது. ஆகவே நகலாக்க நொதியைத் தடுக்கும் மருந்து உருவானாலும், ஒட்டுண்ணி தப்பிக்கும் ஒரு வழியை இயற்கை முன்னரே காட்டிவிட்டது. இந்நொதிகளை இலக்காகக் கொண்டு வடிவமைத்த மருந்து எதுவும் இதுவரை மருத்துவ வழக்குக்கு வரவில்லை.

நோயறிதலில் நிலைமை வேறு. ஒரு செல்லில் ஆயிரக்கணக்கான படிகள் இருப்பதால், மிகச் சில ஒட்டுண்ணிகள் மட்டுமே உள்ள குருதித்துளியிலும் சிறுவளைய டி.என்.ஏ.வைப் பெருக்கிக் காண முடிகிறது. கருங்காய்ச்சலை உறுதிப்படுத்தும் பாலிமரேஸ் தொடர்வினைச் சோதனைகளில் கினெட்டோபிளாஸ்டின் சிறுவளையம் பரவலாகப் பயன்படும் இலக்காகும். மண்ணீரலில் ஊசி செலுத்தித் தேடிய புள்ளியை இன்று சோதனைக் குழாயில் தேட முடிகிறது.

முடிவுரை

மேற்கண்ட செய்திகளிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவதாக, கினெட்டோபிளாஸ்ட் பற்றிய அறிவின் ஒவ்வொரு கட்டமும் ஒரு புதிய கருவியைச் சார்ந்தே அமைந்தது; சாயம், எலக்ட்ரான் நுண்ணோக்கி, நொதிப் பிரிப்பு, மரபணு ஒடுக்கம் என்னும் வரிசையில் வினாக்களும் மாறின. இரண்டாவதாக, மாதிரி உயிரிகளிலிருந்து பெற்ற பொதுவிதி இங்குத் தேடலைத் தொடங்கி வைத்தது. ஆனால் தேடல் தந்த விடை அவ்விதியையே திருத்தியது. மூன்றாவதாக, அடிப்படை அறிவும் மருத்துவப் பயனும் ஒரே திசையில், ஒரே வேகத்தில் செல்லவில்லை. மருந்து விளக்கத்துக்கு முந்தியது. விளக்கம் புதிய மருந்தைத் தருமுன் நோயறிதலுக்கு உதவியது.

ஏழை நாடுகளின் நோய்களைப் பற்றிய ஆய்வை உடனடி மருந்துப் பயனால் மட்டுமே மதிப்பிடும் போக்குக்கு இவ்வரலாறு ஒரு மறுப்பாகும். கொசுவின் குடலில் வாழும் தீங்கற்ற உயிரியில் தொடங்கிய ஆய்வே தூக்க நோய் ஒட்டுண்ணியின் ஆறு நொதிகளுக்கு வழிகாட்டியது. அதேவேளையில், நொதிகள் அறியப்பட்டதால் நோய் வெல்லப்பட்டுவிடும் என்னும் நம்பிக்கையையும் இவ்வரலாறு ஆதரிக்கவில்லை. இவ்விரண்டையும் சேர்த்துக் காண்பதே இத்துறையின் வரலாற்றை எழுதுவோர்க்கு உரிய கடமையாகும்.